எங்கே நட்டால் மண் நிற்கும்?

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில், தோட்டத் தொழிலாளர், கிராணிமாரிடையே ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தச் சாலைக்குப் பக்கத்தில் ரோச்சோர் கால்வாய் ஓடுகிறது. 2008-இல் மரினா அணை வந்தபின் அதன் நீர் குடிநீர்த் தேக்கத்தில் சேர்கிறது. இது போதாதென்று, 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுக்கிறது. அந்த ஆற்றுக்கு நீர் தரும் நிலங்களில் ரப்பரும் செம்பனையும் நிற்கின்றன. ஆகவே தோட்டத்து மண்ணுக்கும் பட்டணத்துக் குழாய்க்கும் உறவு உண்டு.

மண் ஆற்றில் இறங்கினால் என்னவாகும்? சிலாங்கூரிலே பழைய கோலகுபுவைக் கேளுங்கள்! ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மண் ஆற்றை மேடாக்கிற்று. பெருவெள்ளத்தால் ஊரையே வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

மரம் நடவேண்டும் என்பதில் சச்சரவில்லை. பணம் குறைவு, எங்கே முதலில் நடுவது என்பதே கேள்வி. ஓடைக்குத் தூரமான சமநிலத்தில் கரையும் மண், வழியிலேயே தங்கிவிடும். அங்கே ஆயிரம் கன்று நட்டும் ஆற்றுக்குப் பெரும் பயனில்லை. ஓடைக்கரை, அதையொட்டிய செங்குத்துச் சரிவு, சாலை வெட்டிய மொட்டை மேடு ஆகிய இம்மூன்றிலிருந்தும் மண் நேரே நீரில் விழுகிறது. கையிலுள்ள காசு அங்கேதான் முதலில் போகவேண்டும்.

மரம் மட்டும் போதாது. முற்காலத்தில் துரைமார் ரப்பர் மரத்தடியைப் புல்லின்றிச் சுரண்டச் சொன்னார்கள். மேல்மண் மழையோடு போயிற்று. பின்னர் அவர்களே மூடுகொடி விதைத்து, மண்குழி வெட்டச் சொன்னார்கள். தரையை மூடும் செடிதான் மழையின் அடியைத் தாங்குகிறது. ஓடைக்கரையில் களைமருந்து அடிக்காமல் விடுவது எல்லாவற்றிலும் மலிவான வழி. புதர் தானே எழும்.

எந்த இடம் என்று யார் சொல்வது? மழைக்கு மறுநாள் எந்த ஓடை கலங்கி வருகிறது என்பது பால்வெட்டும் தொழிலாளிக்குத் தெரியும். அவர் காட்டட்டும், கிராணிமார் அதைத் தோட்டப் படத்தில் குறித்து, செலவுக் கணக்கும் எழுதட்டும். அந்தப் படத்தோடு நிர்வாகத்திடம் போவோம்.

நமது கோரிக்கைகள் இரண்டு. கன்று நடும் வேலைக்குத் தனிக் கூலி வேண்டும். கரையோர நிரையை ஆற்றுக்காக விட்டுக்கொடுத்தால், அதை வெட்டிவந்தவருக்கு வேறு மரங்கள் கொடுக்கவேண்டும். ஆற்றைக் காக்கும் செலவு தொழிலாளியின் தலையில் விழலாகாது!