எஞ்சினைக் கழுவும் முன் கொஞ்சம் பொறுங்கள்

(தோட்ட இளைஞர்களுக்கான வாகனப் பராமரிப்பு வகுப்பில், மட்டக்களப்பிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று நகரங்களில் கராஜிலும் சேர்விஸ் ஸ்டேசனிலும் வேலை செய்கிறார்கள். சில வீடுகளில் லீசிங்கில் எடுத்த ஓட்டோவோ வானோ நிற்குது. அந்த வண்டி ஒரு கிழமை படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே எஞ்சின் கழுவுகிற விசயத்தைச் சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். கைக்கும் ஆபத்து வராமல், வண்டிக்கும் பழுது வராமல் எப்படிக் கழுவுவது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில், ஏன் கழுவ வேண்டும்? ஒயில் கசிந்த இடத்தில் தூசியும் காய்ந்த இலையும் ஒட்டும். அது சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். ரேடியேற்றரின் தகடுகளுக்கிடையில் அழுக்கு அடைத்தால், மலை ஏறும்போது எஞ்சின் கொதிக்கும். எலி கூடு கட்டி வயரைக் கடித்திருந்தாலும், சுத்தமாக இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. காற்றிலேயே உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வயர் மூட்டுகளில் துரு ஏறும். அதற்காக வாவித் தண்ணியை வாளியில் அள்ளி எஞ்சினுக்கு ஊற்றினால், நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுத்த கதைதான். வாவி கடலோடு தொடுப்புள்ளது, மழையில்லாத காலத்தில் உப்பு கூடும். கழுவுவதற்கு நல்ல தண்ணிதான் வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்லடி, நாவலடி எல்லாம் கடல் ஏறியது. அப்படி உப்புத் தண்ணியில் மூழ்கின வண்டியைத் திறப்புப் போட்டு ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பற்றரியைக் கழற்றிவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

இனிக் கழுவும் முறையைச் சொல்கிறேன்.

1. எஞ்சின் ஆறட்டும். ஓடி வந்த வண்டியை ஒரு மணித்தியாலமாவது நிற்பாட்டி வையுங்கள். கொதிக்கிற இரும்பில் குளிர்ந்த தண்ணி பட்டால் வெடிப்பு விழலாம். சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் தொடவே வேண்டாம். மூடி இறுக்கமாக இருப்பதால் உள்ளே தண்ணி 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும். திறந்த உடனே சீறிக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

2. மோதிரம், காப்பு, கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிய வேண்டாம், காற்சட்டை போடுங்கள். சில கார்களில் திறப்பை எடுத்த பிறகும் காற்றாடி தானாகச் சுற்றும்.

3. பற்றரியில் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். பற்றரியிலிருந்து தீப்பிடிக்கிற வாயு வரும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. முனையில் பூத்த வெள்ளைப் பச்சைத் தூளுக்கு அப்பச்சோடாவைத் தண்ணியில் கரைத்துத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பின் கிறீஸ் பூசுங்கள். சோடாத் தண்ணி பற்றரிக்குள் போகக் கூடாது.

4. காற்று உள்ளே போகும் வாய், பியூஸ் பெட்டி, அல்டர்னேற்றர், வயர் மூட்டுகள் ஆகியவற்றைப் பொலித்தீன் பையால் சுற்றி ரப்பர் பட்டி போடுங்கள். காற்று வாயால் தண்ணி உள்ளே போனால், பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் கம்பி வளையும். பிறகு பெரிய செலவு.

5. சோப்புத் தண்ணியும் தும்புத் தூரிகையும் போதும். மேலேயிருந்து கீழே மெதுவாகத் தேய்த்து, குறைந்த வேகத்தில் தண்ணி விடுங்கள். பிரஷர் பைப்பை நேராகப் பிடித்தால் தண்ணி மூட்டுக்குள் புகுந்துவிடும்.

6. பொலித்தீனை எடுத்து, துணியால் துடைத்து, பொனட்டைத் திறந்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு பற்றரியைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணுங்கள்.

ஒன்றை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். பெற்றோலால் எஞ்சினைக் கழுவக் கூடாது. பெற்றோல் ஆவி குளிரிலும் எழும்பும், நிலத்தோடு பரவும், தூரத்தில் இருக்கிற அடுப்பு நெருப்பையும் போய்ப் பிடிக்கும். "கொஞ்சம்தானே" என்று முதலாளி சொன்னாலும், "முடியாது ஐயா, சோப்புத் தாங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. வேலை வேறு கிடைக்கும், எரிந்த கை திரும்பக் கிடைக்காது.

ஹைபிரிட் கார் வந்தால் செம்மஞ்சள் நிற வயரைத் தொட வேண்டாம். சாதாரண பற்றரி 12 வோல்ட். அந்த வயரில் 200 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். அதைப் பயிற்சி எடுத்தவரிடம் விடுங்கள்.

தவறிச் சுட்டுவிட்டால் ஓடுகிற குளிர்ந்த தண்ணியில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் பூசாதீர்கள். பற்றரி அசிட் கண்ணில் பட்டால் விடாமல் தண்ணி ஊற்றிக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாகத் தாய்மாருக்கு ஒரு சொல். பீலிக்கரையிலோ ஆற்றிலோ வண்டி கழுவ விடாதீர்கள். அந்த ஒயில் கீழ் லயத்துக்காரர் குடிக்கிற தண்ணியில் கலக்கும். மலையில் பிறக்கிற மகாவலி திருகோணமலைப் பக்கம் வந்துதான் கடலில் சேருது. நீங்கள் மேலே விடுவது கீழே எங்கள் பக்கம் வரும். ஆற்றுக்குத் தள்ளி, மண்தரையில் கழுவுங்கள். வழிந்த ஒயிலை மரத்தூள் போட்டு அள்ளி, கழிவு ஒயில் எடுக்கிற கராஜில் கொடுங்கள்.

பொறுமையாகச் செய்தால் வண்டியும் நிலைக்கும், பிள்ளையும் முழுசாக வீடு வந்து சேருவான்.