கண்புரை ஆபரேஷனுக்குப் போகும் முன்

கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருப்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதாலேயே தயாரிப்பில் அசட்டையாக இருந்துவிடுகிறோம்.

முதலாவது, தினமும் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். சிறுநீர்த் தொந்தரவுக்கான டாம்சுலோசின், ஆபரேஷனின்போது கண்பாவையைச் சுற்றியுள்ள திரையைத் தளர்த்திவிடக்கூடும். முன்பே தெரிந்தால் டாக்டர் அதற்கேற்பத் தயாராவார். கண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிடாதீர்கள். நிறுத்தி நாளாகியிருந்தாலும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, முன்பே தலைக்குக் குளித்துவிடுங்கள். பிறகு சில நாள் தலையில் தண்ணீர் ஊற்ற விடமாட்டார்கள்.

மூன்றாவது, துணைக்கு ஆள் வேண்டும். நீங்களே வண்டி ஓட்டித் திரும்பக் கூடாது. பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், கூச்சம் வேண்டாம்.