சக்கரத்துக்கு வந்து சேரும் குதிரைத்திறன்



பழைய அம்பாசடருக்குள் வேறு எஞ்சின் ஏற்றி ஓட்டுகிறவர்கள் பலர். தயாரிப்பாளரே முன்பு செய்த வேலைதான் அது. 1489 சிசி பி.எம்.சி. எஞ்சினோடு பல்லாண்டு ஓடிய காருக்கு, 1990களில் 1817 சிசி இசுசு எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு இசுசுவை இறக்கியவர்கள், "இப்போது என் வண்டி 75 குதிரைத்திறன்" என்பார்கள். அது, எஞ்சின் புதிதாக இருந்தபோது தயாரிப்பாளர் சொன்ன எண். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரின் பலம், அந்தக் காரையே அளந்தால்தான் தெரியும்.

எப்படி அளப்பது? டைனோ என்ற மேடையில் காரை ஏற்றி, பின்சக்கரங்களைக் கனத்த இரும்பு உருளைகள்மேல் நிறுத்தி, பட்டைகளால் இறுகக் கட்டுவார்கள். நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பார்கள். உருளையின் கனம் முன்பே தெரியும். அது எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்து, சக்கரம் தந்த திறனைக் கணினி கணக்கிட்டுவிடும்.

முறுக்குவிசையும் சுழல்வேகமும் சேர்ந்ததுதான் திறன். 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 5000 சுற்றில் கிடைத்தால் சுமார் 70 குதிரைத்திறன். அதுவே 2500 சுற்றில் என்றால் 35. ஆகவே உச்ச எண்ணோடு திரும்பிவிடாதீர்கள், முழு வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தோடு மலைப்பாதை ஏறும்போது கைகொடுப்பது, குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் முறுக்குவிசை.

உருளை காட்டும் எண் 75ஐவிடக் குறைவாகவே இருக்கும். கியர் பெட்டியிலும் டிஃபரன்ஷியலிலும் டயரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் வெப்பமாகிப் போய்விடுகிறது. இந்த இழப்பை நூற்றுக்குப் பதினைந்து என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அது வண்டிக்கு வண்டி மாறும். அந்தப் பதினைந்தைக் கூட்டி "எஞ்சின் திறன்" என்று எழுதித் தந்தால், அதை மதிப்பீடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைகிறது. ஊட்டி உயரத்தில் இன்னும் குறைகிறது. எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவதால், வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைத் திருத்துவார்கள். எனவே நம்பத்தகுந்த வழி ஒன்றுதான்: பழைய எஞ்சினைக் கழற்றுமுன் ஒருமுறை, புதியதை ஏற்றிய பின் ஒருமுறை, அதே டைனோவில், அதே டயர் காற்றழுத்தத்தில் அளந்து பாருங்கள். மாற்றத்தால் கிடைத்த பலன் அந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தில் இருக்கிறது.

எதிர்பார்த்ததைவிட எண் மிகவும் குறைந்தால், காரணத்தைத் தேடுங்கள். ஆக்சிலரேட்டர் கம்பி கார்புரேட்டரை முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரத்தை இழுக்கலாம். பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதம் பிசகியிருந்தால், சைலன்சர் முனையில் வைக்கும் உணரி அதைக் காட்டிக்கொடுக்கும். இவற்றைச் சரிசெய்வதற்கும் அளப்பது பயனுள்ளது.

பலம் கூடியது உறுதியானதும் பிரேக்கைப் பாருங்கள். பழைய அம்பாசடரின் நான்கு சக்கரங்களிலும் ட்ரம் பிரேக்தான். அவை பழைய எஞ்சினின் வேகத்துக்கு அமைக்கப்பட்டவை. எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று, ஆர்.சி.யிலும் பதிவு செய்துகொள்ளுங்கள். புதிய எஞ்சினுக்குச் செலவழிக்கும் அக்கறையில் ஒரு பங்கு, வண்டியை நிறுத்தும் வேலைக்கும் கட்டாயம் வேண்டும்.