உறைபனியும் ஸ்டிராபெரிச் செடியும்

குளிர்காலத்தில் தில்லி வீதிகளில் தள்ளுவண்டிகளிலே செந்நிற ஸ்டிராபெரிக் கனிகள் அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். சமவெளியில் வாழும் தமிழருக்கு அது விலைக்கு வாங்கி உண்ணும் பண்டம். சிம்லா, ஸ்ரீநகர் போன்ற ஊர்களில் குடியேறி, வீட்டருகே சிறு தோட்டம் வைத்திருப்போருக்கோ அது ஓராண்டு உழைப்பின் பயன். ஓர் இரவின் உறைபனி அப்பயனைப் பறித்துவிடக்கூடும். ஆகவே, செடி குளிரைத் தாங்குமா என்பதைச் சோதித்தறியும் முறையைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

இந்நாளில் நாம் உண்ணும் பெரிய கனி, 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இரு அமெரிக்க இனங்கள் கலந்து பிறந்தது. ஒன்று வட அமெரிக்கக் காடுகளுக்கு உரியது, கடுங்குளிரைத் தாங்குவது. மற்றொன்று 1714-ஆம் ஆண்டில் பிரேசியே என்னும் பிரெஞ்சுக்காரர் சிலி நாட்டினின்றும் கொணர்ந்தது. மிதமான கடலோரக் குளிருக்கே பழகியது. ஆதலின் இவற்றின் வழிவந்த வகைகள் யாவும் ஒரே அளவில் குளிர் தாங்குவதில்லை.

ஆராய்ச்சியாளர் செடிகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, வெப்பத்தைச் சிறிது சிறிதாகத் தணிப்பர். குறித்த நிலைகளில் சில செடிகளை வெளியே எடுத்து, மெல்ல இளகவிட்டு, மீண்டும் வளர்ப்பர். சில வாரங்களுக்குப் பின் எத்தனை செடிகள் தளிர்த்தன என்று எண்ணுவர். பாதிச் செடிகள் மடியும் வெப்பநிலையே அவ்வகைக்கு அளவுகோலாகும். விரைவான முறையும் உண்டு. உறையவைத்த இலைத்துண்டுகளைத் தூய நீரில் இட்டால், சிதைந்த உயிரணுக்களினின்று உப்புகள் கசியும். நீரின் மின்கடத்து திறன் உயர்வதைக் கொண்டு சேதத்தை அளப்பர்.

ஆனால், எப்பொழுது சோதித்தார்கள், எவ்வுறுப்பைச் சோதித்தார்கள் என்று அறியாமல் அவ்வளவை நம்புதல் கூடாது. பகல் குறுகிக் குளிர் மெல்ல ஏறும் நாட்களில் செடி தன்னுள் சர்க்கரையைச் சேர்த்து உறுதி பெறுகிறது. அவ்வாறு பழகாத செடி, சிறிதளவு உறைபனிக்கே மடியும். பழகிய செடியின் குறுந்தண்டு சுழிக்குக் கீழே பல டிகிரி சென்டிகிரேடு குளிரையும் பொறுக்கும். அதே செடியின் மலர்ந்த பூவோ சுழிக்குக் கீழே ஒரு டிகிரியிலேயே கருகிவிடும். எனவே, குளிர்காலத்தை வென்ற வகை வசந்த காலத்தில் தோற்கலாம். இரு பருவத்திலும் சோதித்தல் இன்றியமையாதது.

இச்சோதனையை நீங்களும் எளிதில் செய்யலாம். இரண்டு வகைகளில் சில செடிகளை, குளிர்காற்று தேங்கும் தாழ்வான இடத்திலும் சற்று மேட்டிலும் நடுங்கள். குளிர்காலம் கழிந்ததும் ஒரு செடியின் குறுந்தண்டை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். வெண்மை நலத்தையும், பழுப்பு சேதத்தையும் காட்டும். பூக்கும் பருவத்தில் உறைபனி பெய்த மறுநாள் மலரின் நடுவைப் பாருங்கள். இதழ் வெண்மையாக இருந்தும் நடுப்பகுதி கறுத்திருந்தால் அம்மலர் காய்க்காது. ஓரளவு கறுத்திருந்தால் கோணற்கனியே கிடைக்கும்.

குளிர்காலத்தில் வைக்கோல் மூடாக்கு இடுங்கள். பூத்த பின்னர், வானம் தெளிந்து காற்றடங்கிய மாலைகளில் துணியால் மூடி, காலையில் அகற்றுங்கள். நாற்று வாங்கும்போது, ‘குளிர் தாங்குமா?’ என்று மட்டும் வினவாதீர்கள்; ‘பூ தாங்குமா?’ என்றும் கேளுங்கள்.