மருத்துவப் படிப்பு விண்ணப்பம்: நம் பிள்ளைகள் எழுதாமல் விடுவது என்ன?

(பொங்கோல் வட்டாரப் பெற்றோர் சந்திப்பு ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நாளை காலை ஷிப்ட் இருக்கிறது என்ற நினைப்போடுதான் உங்களில் பலர் வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "சார், டாக்டருக்குப் படிக்க நம்ம பிள்ளைங்களுக்கு ஏதாவது கோட்டா இருக்கா? இல்ல, நம்மளை எடுக்கவே கூடாதுன்னு ஏதாவது இருக்கா?" உரிமை பேசும் கூட்டத்தில் இதைவிட நல்ல முதல் கேள்வி கிடையாது. முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டும் இல்லை. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 16ஆம் பிரிவு, அரசு நடத்தும் கல்வி நிலையத்தில் மாணவர்களைச் சேர்ப்பதிலும் கட்டணம் வாங்குவதிலும் இனம், சமயம், வம்சாவளி, பிறந்த இடம் பார்த்துக் குடிமக்களிடம் வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1971ல் இலங்கையில் மருத்துவப் படிப்புக்குச் சிங்கள மாணவருக்கு 229 மதிப்பெண் போதும், தமிழ் மாணவருக்கு 250 வேண்டும் என்று வைத்தார்கள். அந்த 21 மதிப்பெண் அந்த நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

நம் ஊரிலும் ஒரு தடை இருந்தது. அது இனத்துக்கு அல்ல, பெண்களுக்கு. 1979 முதல் மருத்துவப் படிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று வைத்திருந்தார்கள். பெண்கள் அமைப்புகள் பல ஆண்டு எதிர்த்துப் பேசி, 2002 கடைசியில்தான் அது நீக்கப்பட்டது. உங்கள் மகள் இன்று விண்ணப்பம் போடுகிறாள் என்றால், யாரோ முன்னால் நின்று கேட்டதால்தான்.

ஆக, சட்டத்தில் கதவு திறந்திருக்கிறது. பிறகு ஏன் ஒரு துப்புரவுப் பணியாளர் வீட்டுப் பிள்ளை, ஒரு பேருந்து ஓட்டுநர் வீட்டுப் பிள்ளை அந்தக் கதவு வரை போய்த் திரும்பி வருகிறது? மதிப்பெண் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் மதிப்பெண் இருந்தும் திரும்பி வந்த பிள்ளைகளின் விண்ணப்பங்களை நான் படித்திருக்கிறேன். அதில் பிள்ளையே இல்லை. பெயர் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, "மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அவ்வளவுதான்.

டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நம் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இன்றைக்கு இந்த ஒன்றைத்தான் நான் பேச வந்தேன்.

முதலில் கதவுகள் எத்தனை என்று பார்ப்போம். சிங்கப்பூரில் மூன்று மருத்துவப் பள்ளிகள். தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி. இந்த இரண்டும் தொடக்கக் கல்லூரி முடித்தவுடன் சேர்பவை, ஐந்து ஆண்டு. வேதியியலும், உயிரியல் அல்லது இயற்பியலும் எச்2 நிலையில் வேண்டும். மூன்றாவது, 2005ல் நிறுவப்பட்ட டியூக்-என்யூஎஸ். அது ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு, நான்கு ஆண்டு.

நம் வீடுகளில் இந்த மூன்றாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏ லெவல் முடிவு வந்த அன்று "கிடைக்கவில்லை" என்று பிள்ளை அழுதால், அத்தோடு டாக்டர் கனவை மூட்டை கட்டிவிடுகிறோம். இல்லையம்மா, பதினெட்டு வயதில் அது முடிந்துபோகவில்லை. பாலிடெக்னிக் வழியாகப் போய், பல்கலைக்கழகத்தில் உயிரியலோ, பொறியியலோ, உளவியலோ படித்துவிட்டு டியூக்-என்யூஎஸ்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். எந்தத் துறைப் பட்டமும் சரி. அந்தப் பட்டத்தில் நன்றாகச் செய்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இங்கே பொங்கோலில் வடகிழக்கு ரயிலில் ஏறினால் ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா தாண்டி ஊட்ரம் பார்க்கில் இறங்கலாம். அங்கே பொது மருத்துவமனை வளாகத்தில்தான் அந்தப் பள்ளி இருக்கிறது. அந்த இடத்தின் பழைய பெயர் சிப்பாய் லைன்ஸ். இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்த இடம். 1904ல் டான் ஜியாக் கிம் தலைமையில் இந்த ஊர்ச் சமூகங்கள் ஆளுநரிடம் மனுக் கொடுத்தன: எங்கள் பிள்ளைகள் மருத்துவம் படிக்க இங்கே ஒரு பள்ளி வேண்டும் என்று. 71,000 வெள்ளி திரட்டிக் காட்டுங்கள் என்றார் ஆளுநர். 87,077 வெள்ளி திரட்டினார்கள். 1905 ஜூலையில் 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. மனுவோடு கையில் ஆதாரமும் வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் பெயர்களும் அந்தத் துறைக்குப் புதிதல்ல. சிங்கப்பூரின் புற்றுநோய்ப் பதிவேட்டை உருவாக்கியவர் பேராசிரியர் கே. சண்முகரத்தினம். 1983ல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமான குழுவை நடத்தியவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். இதை என் தொழிலை வைத்துத்தான் சொல்லத் தெரியும். நீதிமன்றத்தில் "என் கட்சிக்காரர் நல்லவர்" என்று நான் சொன்னால் நீதிபதி தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். எந்த நாள், எந்த இடம், என்ன செய்தார், யார் பார்த்தார் என்று சொன்னால்தான் பேனாவை எடுப்பார். மருத்துவ விண்ணப்பமும் அப்படித்தான். தேசியப் பல்கலைக்கழகம் வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். அதில் மருத்துவத்துக்குச் சேர்ந்தவர்களில் கீழ்ப்பக்கம் இருப்பவர்களே முப்பாடத்திலும் ஏ வாங்கியவர்கள். எல்லோரும் ஏ என்றால், ஏ வைத்து யாரைப் பிரிப்பது? மற்றதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

அந்த மற்றது என்ன என்று கேட்டால் நம் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். "அங்கிள், நான் கம்போடியாவுக்குப் போய்ப் பள்ளிக்கூடம் கட்டவில்லையே" என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். நீ வாரம் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். வாரத்துக்கு மூன்று நாள் பாட்டியை டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போகிறாளாம். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், தாதிக்குத் தமிழ் தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னொரு பெரியவருக்கும் இவள்தான் மொழிபெயர்ப்பு. இரண்டு வருடமாக. இது எங்கே எழுதியிருக்கிறாய் என்றேன். "இது வீட்டு வேலைதானே" என்றாள்.

நம்மவர்களிடம் நீரிழிவு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மருந்துப் பெட்டி இருக்கிறது, அதை நிரப்புவது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைதான். சனி ஞாயிறு கடையில் நின்று வீட்டுக்குப் பணம் கொடுக்கும் பிள்ளை இருக்கிறது. 2020ல் தங்கும் விடுதிகளில் கோவிட் பரவியபோது நம் ஊர்த் தொழிலாளர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் தேடினார்களே, அப்போது தொலைபேசியில் உட்கார்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இதெல்லாம் சாட்சியம். எழுதுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பாட்டியின் நோயைக் காட்டி இரக்கம் தேடச் சொல்லவில்லை. அப்படி எழுதினால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நோயைக் குறைத்து எழுதுங்கள், நீங்கள் பார்த்ததையும் செய்ததையும் எழுதுங்கள். தாதி அவசரத்தில் சொன்ன ஒரு சொல்லைப் பாட்டி எப்படித் தப்பாகப் புரிந்துகொண்டார், நீங்கள் அதை எப்படிச் சரிசெய்தீர்கள், அதற்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டீர்கள். இவ்வளவு போதும்.

இதற்கு ஒரு சின்ன வேலை செய்யச் சொல்கிறேன். ஒரு டைரி வாங்கிக்கொள்ளுங்கள். தொண்டு செய்த நாள், நேரம், இடம், என்ன கற்றேன் என்று அன்றன்றைக்கு நாலு வரி. பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள். மூன்று ஆண்டு கழித்து உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. நோயாளியின் பெயரை அதில் எழுதாதீர்கள், படம் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த ரகசியத்தைக் காக்கத் தெரிந்தவரா என்பதும் நேர்காணலில் பார்க்கப்படும் விஷயம்.

தொண்டு என்றால் எங்கே போவது? ஒரே நாளில் பத்து இடத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வதில் பலன் இல்லை. ஒரே இடத்துக்கு இரண்டு வருடம் போங்கள். முதியோர் நிலையம் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்க்கும் ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகளுக்குத் தமிழ் தெரிந்த பிள்ளை ஒரு வரம். நம் தாய்மொழி சுமை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

பட்டப்படிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். டியூக்-என்யூஎஸ் தன் பாடத்திட்டத்தில் ஆய்வுக்கென்று நீண்ட காலம் ஒதுக்கும் பள்ளி. ஆகவே விடுமுறையில் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் கேட்டுச் சேருங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். மின்னஞ்சலில் ஐந்து வரி போதும். பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒருவர் பதில் போடுவார். அப்படி வேலை செய்த இடத்தில்தான் நல்ல பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும். பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் "இவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை" என்று எழுதும் கடிதத்தைவிட, உங்களை ஆறு மாதம் பார்த்த இளம் ஆய்வாளர் எழுதும் கடிதம் வலுவானது. கடைசி வாரத்தில் போய்க் கேட்காதீர்கள்.

தேர்வுகள்: டியூக்-என்யூஎஸ்ஸுக்கு எம்கேட் அல்லது ஜிஆர்இ. நன்யாங்கில் 2023 வரை பிமேட் இருந்தது, அந்தத் தேர்வே நின்றுபோய் இப்போது யூகேட். பழைய பிமேட் புத்தகத்தை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அடுத்தது பணம். இதில்தான் நிறைய பேர் விண்ணப்பமே போடாமல் நின்றுவிடுகிறார்கள். மானியம் போக ஆண்டுக் கட்டணமே 30,000 வெள்ளியைத் தாண்டுகிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் அப்பா பக்கத்தை மூடிவிடுகிறார். ஆனால் 2019 தேசிய நாள் பேருரையில் ஒன்று அறிவித்தார்கள்: குறைந்த வருமானக் குடும்பத்துக் குடிமக்களின் பிள்ளை மருத்துவம் படித்தால், உதவிநிதி போகக் கையிலிருந்து கட்டுவது ஆண்டுக்கு 5,000 வெள்ளிக்கு மேல் போகாதபடி பார்க்கப்படும் என்று. இது பட்டப்படிப்பாக மருத்துவம் படிப்பவர்களுக்கு. டியூக்-என்யூஎஸ் கட்டணம் இன்னும் அதிகம், அங்கே உதவித்தொகைகளையும் கடனையும் தனியாக விசாரிக்க வேண்டும். கல்விக் கட்டணக் கடன் இருக்கிறது, மத்திய சேமநிதியில் கல்வித் திட்டம் இருக்கிறது. பிட்டி ரோட்டில் சிண்டா அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள். கேட்பது பிச்சை அல்ல. இன்னொன்று, படித்து முடித்ததும் பொது மருத்துவமனைகளில் சில ஆண்டுகள் பணியாற்ற ஒப்பந்தம் போடுவார்கள். உள்ளூரில் ஐந்தாண்டுப் படிப்புக்குக் குடிமக்களுக்கு ஐந்து ஆண்டு. உத்தரவாதக் கையெழுத்துப் போடும் பெற்றோர் அந்தத் தாளை முழுவதும் படித்துவிட்டுப் போடுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் என்னிடம் கொண்டு வாருங்கள்.

கடைசியாக, நான் கோபப்படும் ஒரு விஷயம். "இங்கே கிடைக்கலையா, வெளிநாட்டில் சீட் வாங்கித் தருகிறேன்" என்று வரும் ஏஜெண்டுகள். என்னிடம் வந்த ஒரு குடும்பம், பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்கு மாறி அந்தப் பணத்தைக் கட்டியிருந்தது. பையன் இரண்டாம் ஆண்டு முடித்த பிறகுதான், அந்தப் பட்டத்தை வைத்து இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது என்று தெரிந்தது. ஒப்பந்தத்தில் ஏஜெண்ட் எந்த இடத்திலும் "சிங்கப்பூரில் செல்லும்" என்று எழுதவில்லை, வாயால்தான் சொல்லியிருந்தார்.

சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. 160 இருந்த பட்டியலை 2020 ஜனவரியிலிருந்து 103 ஆகக் குறைத்தார்கள், பிறகும் மாற்றங்கள் வந்திருக்கின்றன. எனவே அண்ணன் மகன் அங்கே படித்து வந்தார் என்பது ஆதாரம் அல்ல. பணம் கட்டும் முன் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள், பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே பெயர் மாதிரி இரண்டு கல்லூரி இருக்கும். ஏஜெண்ட் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். தயங்கினார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிள்ளைக்கே விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பொங்கோலுக்கே வந்துவிட்ட சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் தாதிமை, இயன்முறை மருத்துவம் எல்லாம் பட்டப்படிப்பாக இருக்கின்றன. அவையும் மருத்துவமனையை நடத்தும் வேலைகள்தான்.

கேள்விகளுக்கு வருவோம். யாராவது வரைவு விண்ணப்பம் கொண்டு வந்திருந்தால் முன்னால் கொடுங்கள், பெயரை மறைத்துவிட்டு இரண்டை இங்கேயே சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.