என் ஓட்டு, என் முடிவு

மைக் பிடிச்சுப் பேசுறது எனக்கு இதுதான் முதல் தடவை. தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

2009 நாடாளுமன்றத் தேர்தல்லதான் முதல்ல ஓட்டுப் போட்டேன். கல்யாணமான புதுசு. வீட்டுக்காரர் சின்னத்தைச் சொன்னார், போட்டேன். நம்மில் பலருக்கும் அப்படித்தான். மாமனார் காலத்துக் கட்சி, நம்ம சாதிக்காரர், டிவியில பார்த்த முகம், இதை வெச்சே ஓட்டுப் போயிடுது.

2019 டிசம்பர்ல உள்ளாட்சித் தேர்தல். முந்தின ராத்திரி ஒருத்தர் 500 ரூபா குடுத்தார். வாங்கி அஞ்சறைப் பெட்டிக்கு அடியில வெச்சேன். அடுத்த கோடையில தெருக்குழாய்ல 12 நாள் தண்ணி வரல. குடத்தோட போய் ஜெயிச்சவரைக் கேட்டோம். "சும்மாவா போட்டீங்க? காசு வாங்கினீங்கல்ல?"ன்னார். பத்துப் பொம்பளைங்க நின்னோம், ஒருத்தரும் வாய் திறக்க முடியல. அந்தக் காசு மளிகைக் கடையிலேயே தீர்ந்துபோச்சு. அந்தச் சொல் இன்னும் தீரல.

நம்ம குழுவுல 10,000 ரூபா கடன் கேட்டா எத்தனை பார்க்குறோம்! கூட்டத்துக்கு வந்தாங்களா, சேமிப்பு கட்டினாங்களா, பழைய கடனை அடைச்சாங்களா, எல்லாம் விசாரிச்சுத்தான் தீர்மானம் எழுதுறோம். ஊரையே அஞ்சு வருஷம் ஒப்படைக்கிறவரை ஒண்ணுமே கேட்கலையே!

2024 தேர்தல்ல கேட்டுப் பார்த்தேன். போன தடவை சொன்னதுல எது நடந்துச்சு? இப்போ சொல்றது அந்தப் பதவியால முடியுற காரியமா? வேட்பாளரோட சொத்து, படிப்பு, வழக்கு எல்லாம் பிரமாணப் பத்திரத்துல இருக்கு. என் மக போன்ல எடுத்துக் காட்டினா. காசு குடுக்குறது மட்டுமில்ல, வாங்குறதும் குற்றம்னு தெரிஞ்சுக்கிட்டேன். அந்தத் தடவை வாங்கல.

"யாருக்குப் போட்ட?"ன்னு வீட்டுக்காரர் கேட்டார். "அந்தச் சீட்டு 7 செகண்டு எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது"ன்னேன். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வெச்சிருந்தார். அப்புறம் சரியாயிட்டார்.

2021 சட்டமன்றத் தேர்தல்ல நம்ம தமிழ்நாட்டுல ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் சுமார் 10 லட்சம் பேர் அதிகம். அதனாலதான் எல்லாக் கட்சியும் நமக்குன்னு திட்டம் சொல்லுது. திட்டத்துல வர்றது நம்ம வரிப்பணம், தலை நிமிர்ந்து வாங்குவோம். ஆனா ராத்திரியில வர்ற காசு வேண்டாம்.

எந்தக் கட்சிக்குப் போடணும்னு நான் சொல்லமாட்டேன். விசாரிச்சு, நீங்களே முடிவெடுத்துப் போடுங்க. அப்பத்தான் குடத்தோட போய்க் கேட்க நமக்கு வாய் இருக்கும்.