உப்பும் பிரஷரும்

(ஜிந்துப்பிட்டியில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் தம்பி தங்கைகள் பலர் இங்கே இருக்கிறீர்கள். தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போகும்போது என்ன கொண்டுபோவீர்கள்? அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குச் சாரம், புறக்கோட்டையில் வாங்கிய ஒரு கிலோ கருவாடு. நானும் அப்படித்தான் கொண்டுபோனேன்.

என் அம்மாவுக்குப் பிரஷர் இருந்தது. கிளினிக் கொப்பியில் அளவு குறைந்ததும் சுகமாகிவிட்டது என்று நினைத்துக் குளிசையை நிறுத்திவிட்டார். ஒருநாள் காலை பெரட்டுக்குப் போகும் வழியில் விழுந்தார். முப்பது வருடம் கொழுந்து பறித்த வலது கை அதன்பிறகு எழவே இல்லை. அப்போதுதான் நான் டொக்டர்மாரிடம் கேட்டுக் கேட்டு இதைத் தெரிந்துகொண்டேன்.

நம் உடம்பு உப்பை விடாமல் பிடித்து வைக்கும்படி அமைந்தது. உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் 'ரெனின்' என்ற பொருளை இரத்தத்தில் விடும். அது ஈரலிலிருந்து வரும் ஒரு புரதத்தை வெட்டும். அந்தத் துண்டு நுரையீரலைக் கடக்கும்போது 'அஞ்சியோடென்சின் 2' என்ற ஹோர்மோனாக மாறும். இது இரத்தக் குழாயை இறுக்கும். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல இருக்கும் சுரப்பியைத் தூண்டி 'அல்டோஸ்டெரோன்' என்ற இன்னொரு ஹோர்மோனையும் வரவைக்கும். சிறுநீரோடு போகவேண்டிய உப்பை அது திருப்பி எடுக்கும். உப்போடு தண்ணீரும் நின்றுவிடும்.

உப்பு கூடும்போது இந்த ஹோர்மோன்கள் அடங்க வேண்டும், மிச்ச உப்பைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். பலருக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் வயது போனவர்கள், சீனி வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பலருக்கு ஹோர்மோன் போதிய அளவு அடங்குவதில்லை; அல்லது சிறுநீரகம் திணறுகிறது. தண்ணீர் தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. பெரும்பாலும் நோவே தெரியாது.

"மலையில் வேர்வை சிந்துகிறோமே, உப்பு வேண்டாமா?" என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. வெயிலில் வேலை செய்து பழகிய உடம்பில் அதே அல்டோஸ்டெரோன் வேர்வையிலிருந்தும் உப்பைத் திருப்பி எடுக்கிறது. நம் சாப்பாட்டில் இருக்கும் உப்பே போதும். தண்ணீரைத்தான் மறக்காமல் குடிக்க வேண்டும்.

கிளினிக்கில் தரும் எனலாபிரில், லொசார்டன் குளிசைகள் இந்த ஹோர்மோன் வேலையைத்தான் தடுக்கின்றன. நிறுத்தினால் அது மறுபடி தொடங்கும். குளிசை போட்டுக்கொண்டே உப்பை அள்ளிச் சாப்பிட்டால் குளிசையின் பலன் குறையும். கர்ப்பமான பெண்கள் இந்தக் குளிசை எடுப்பதை உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும். இடுப்பு நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனக், இபுபுரோபன் போன்றவையும் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும். கேட்காமல் போடாதீர்கள்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், சம்பல், ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றிலும் உள்ள உப்பு அதற்குள் அடங்க வேண்டும். கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். அந்தக் கறிக்கு வேறு உப்புப் போடாதீர்கள். சம்பலுக்கு உப்பைக் குறைத்து தேசிக்காயைக் கூட்டுங்கள். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். வாங்குவது அயடீன் உப்பாகவே இருக்கட்டும், அளவை மட்டும் குறையுங்கள்.

தோழர்களே, உப்பைக் குறைப்பது நம் அடுப்படியில் முடியும். கிளினிக்குக் போகும் நாளில் பேர் போய்விடுமே என்று பயந்து வீட்டில் இருக்கும் தாய்மாருக்கு அடுப்படியில் பதில் இல்லை. கிளினிக் கொப்பியைக் காட்டினால் அந்த நாள் சம்பளம் வெட்டப்படக் கூடாது. இதைத் தோட்டக் கமிட்டிகள் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

இந்தத் தீபாவளிக்குக் கருவாட்டுப் பொதியைச் சின்னதாகக் கட்டுங்கள். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசியாகப் போன திகதி என்னவென்று பாருங்கள்.